தறையாணி

ஜெனோவாவில் கடல் தெரியாத இடம்
எங்கள் பட்டறை ஒன்றுதான்.
உலையிலிருந்து டெல்ஃபோ இடுக்கியால் வீசுவான்,
பழுத்த மிளகாய் நிறத்தில் ஒரு தறையாணி.
தகரப் புனலில் பிடித்துத் துளையில் செருகுவேன்.
மறுபுறம் ஒருவன் முட்டுக் கொடுக்க
அடிப்பேன்.
காது முதல் வருடத்திலேயே போய்விட்டது.
அதன்பின் எல்லாம் சௌகரியம்.

முதலில் செய்தது சின்ன வண்டி. மூன்று டன்.
இரண்டு பேர் உட்காரலாம், சிநேகிதர்களாக இருந்தால்.
சுழலும் தலை கிடையாது.
இயந்திரத் துப்பாக்கி மட்டும்:
எதிரி நேர் எதிரில் வந்து நிற்கும்
பண்பாளனாக இருந்தால் உதவும்.
மத்தி டப்பா என்றோம்.
மேஸ்திரி கண்டோல்ஃபோ காதில் விழுந்து
தலைக்கு இரண்டு லிரா அபராதம்.

அபிசீனியாவிலிருந்து திரும்பிய ஒருவன்
மதுக்கடையில் சொன்னான்:
பின்பக்கமாக வந்தார்கள், வெறுங்காலோடு.
தொட்டில்போல ஆட்டிப் பார்த்தார்கள்.
அப்புறம் கவிழ்த்தார்கள்.
நாங்கள் சிரித்தோம்.
அவன் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

பிறகு பெரியது. பதினான்கு டன்.
சுழலும் கோபுரத்தில் நிஜமான பீரங்கி.
முன்தகட்டின் கனம்
என் கட்டைவிரலின் முதல் கணு வரை.
வானொலிப் பெட்டிக்கு இடம் விட்டிருந்தோம்,
பெட்டி வரவில்லை.
பதிலுக்குக் கொடிகள் வந்தன.
சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று,
இஸ்திரி போட்டு, எண்ணி, கட்டுக்கட்டாக.
என் மனைவி எர்சிலியா தைத்தவையும்
அதில் இருந்திருக்கும்.

சதுக்கத்து ஒலிபெருக்கியில்
ஆணித்தரமாகப் பேசினார்கள்.
பக்கத்து ஆள் தட்டும்போது நானும் கைதட்டினேன்.

நெவியோ எர்சிலியாவின் தம்பி. குண்டு நிரப்புகிறவன்.
பெங்காசிக்குத் தெற்கே, பிப்ரவரி,
பாலையில் மழை.
கடலோரச் சாலை நெடுக லாரிகள்,
மொத்தப் படைக்கும் திரும்பிப் போகும் அவசரம்.
முன்னால் ஒரு சின்ன மேடு,
மேட்டுக்குப் பின்னால் அவர்கள்.
டாங்கிகளை ஐந்தைந்தாக அனுப்பினார்கள்,
ஐந்தும் எரிந்தபின் அடுத்த ஐந்து.
லெப்டினன்ட் மூடியைத் திறந்து கொடியைத் தூக்கினான்.
வலப்பக்கம் போ என்றானோ, பின்வாங்கு என்றானோ,
துணி நனைந்து குச்சியில் சுருண்டிருந்தது.
எர்சிலியாவிடம் இதைச் சொல்லாதே என்றான் நெவியோ.
நான் சொல்லவில்லை.

குண்டு தகட்டைத் துளைக்கவில்லை.
இதை மூன்று முறை சொன்னான்,
என் காதுக்காக அல்ல.
தகடு தாங்கியதாம். வெளியே ஒரு பள்ளம், அவ்வளவே.
உள்ளே
தறையாணிகள் தலை தெறித்தன.
ஒன்று ஓட்டுநர் உல்டெரிகோவின் கழுத்தில்.
ஒன்று இவன் தொடையில்,
பசுமரத்தாணி.

நல்ல நிலையில் கிடைத்த நம் வண்டிகளை
ஆஸ்திரேலியர்கள் எடுத்துக்கொண்டார்களாம்.
நம்முடையது என்று அவர்கள் ஆட்களே சுட்டுவிடாதபடி
பக்கவாட்டில் பெரிய கங்காரு வரைந்தார்களாம்.
நல்ல ஓவியம், என்றான்.
அவர்களுக்கும் இதே ஆணிதானே, என்றான்.

காயம்பட்டவர்களை மாற்றிக்கொண்ட கப்பலில்
வந்து சேர்ந்து பத்து நாள்.
கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து
மதுக்கடை மேசையில் வைத்தான்.
ஓர் ஆலிவ் பழ அளவு.
எடுத்துப் புரட்டினேன்.
என் சுத்தியல் இடப்பக்கம் மயிரிழை சாய்ந்து விழும்,
பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.
இதில் சாய்வு இருந்தது மாதிரி இருந்தது.
தெறித்தபோது மழுங்கியிருக்கலாம்.
வைத்தியரின் இடுக்கி கடித்திருக்கலாம்.
நூறு பேர் அடிக்கிறோம் அங்கே.

நெவியோவின் உதடு அசைந்தது.
காது கேளாதவன்போல இருந்தேன்.
இருபது வருடத்தில் முதல் தடவையாக
நடிக்க வேண்டியிருந்தது.

இப்போது அடுத்த வண்டி.
பெயரில் எண் ஒன்று கூடியிருக்கிறது,
எஞ்சினில் இருபது குதிரை.
தகடு அதே கணு வரைதான்.
காலையில் டெல்ஃபோ வீசினான்.
புனலை நீட்டக் கொஞ்சம் பிந்திவிட்டேன்.
தரையில் உருண்டு, சிவப்பு இறங்கி, சாம்பலாகி,
என் காலருகே வந்து நின்றது.
குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தோளில் ஒரு கை தட்டியது.
கண்டோல்ஃபோ. இரண்டு விரல் காட்டினார்.
இரண்டு லிரா.